மறுபடி ஓட்டினால் போதுமா?

சென்னைக் காட்டுப்பாக்கத்தில் குடியிருந்து ராமாபுரம், மணப்பாக்கம் ஐடி வளாகங்களுக்குப் போய்வரும் மென்பொருள் டெஸ்டிங் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இணையப் பக்கங்களைத் தானாகச் சோதிக்கும் செலினியம் கருவியில் ஒரு சோதனை, நிரல் மாறாமலே காலையில் தோற்று மாலையில் தேறினால், மறுபடி ஓட்டிப் பச்சை காட்டிவிட்டு நகராதீர்கள். தங்கள் சோதனைகளில் ஏறத்தாழ 16 சதவீதத்தில் இந்தத் தடுமாற்றம் உண்டு என்று கூகுளே 2016-இல் சொன்னது. பெரும்பாலும் காரணம் எளியது: பக்கம் முழுதாக வருமுன் ஸ்கிரிப்ட் பட்டனை அழுத்துகிறது, அல்லது முந்தைய சோதனை விட்டுச்சென்ற தரவு அடுத்ததைக் கெடுக்கிறது. ஐந்து நொடி சும்மா நிற்கச் சொல்லும் வரியை நீக்கி, பட்டன் தயாராகும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் தனித் தரவு கொடுங்கள். புதிய சோதனைகளைச் சேர்ப்பது அதன் பிறகுதான். நம்ப முடியாத ஆயிரத்தைவிட நம்பத்தக்க நூறு மேல். அந்த நம்பிக்கையில்தான் வங்கிகளும் மருத்துவமனைகளும் மென்பொருளை மக்கள் கையில் கொடுக்கின்றன.