தோலில் மட்டும் நிறம்

பெட்டியின் மேல் 'பெயின்ட் அடித்தே தருகிறோம்' என்று போட்டிருந்தால் அதை நாம் சலுகையாக எடுத்துக்கொள்கிறோம். வேலை மிச்சம்தானே? கையளவு ராட்சத ரோபோ கிட் விஷயத்தில் அது சலுகையே கிடையாது என்பது என் கட்சி. தப்பு செய்துவிட்டுத் திருத்திக்கொள்ளும் உரிமையை அது நம்மிடமிருந்து பிடுங்குகிறது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1979இல் 'மொபைல் சூட் கன்டம்' ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்தது. 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் அதன் முதல் பிளாஸ்டிக் கிட்டை 300 யென்னுக்கு விற்றது. 1/144 அளவு. அதாவது 18 மீட்டர் ரோபோ பன்னிரண்டரை சென்டிமீட்டராகச் சுருங்கி வந்தது. வெறும் வெள்ளை பிளாஸ்டிக். பசை போட்டு ஒட்டணும், நிறம் வேணும்னா நீங்களே அடிக்கணும்.

அது குழந்தைகளுக்குக் கஷ்டம்தான். அதற்குப் பின்னால் வந்த கிட்களில் கிடைத்த நல்ல தீர்வு, நிறத்தைப் பிளாஸ்டிக்கிலேயே கலந்து வார்ப்பது. பசையும் போனது, அழுத்தினால் பொருந்தும் பாகங்கள் வந்தன. 2020இல் வந்த என்ட்ரி கிரேடு கன்டம் 700 யென். நிப்பர் வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டாம், பெயின்ட் வேண்டாம். பாகங்களைப் பிரித்த விதத்திலேயே நிறங்கள் வந்துவிடும். இதைத்தான் இன்ஜினியரிங் என்று சொல்வேன்.

வார்த்த நிறத்துக்கும் பூசிய நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் ரன்னரிலிருந்து பாகத்தை வெட்டும்போதுதான் தெரியும். வெட்டிய இடத்தில் சின்னதாக ஒரு தழும்பு நிற்கும். நிறம் உள்ளே வரைக்கும் போயிருந்தால் உப்புத்தாளால் தேய்க்கலாம். அடியிலும் அதே சிவப்புதான். பெயின்ட் அடித்த பாகத்தில் தேய்த்தால் சாம்பல் பிளாஸ்டிக் பல்லைக் காட்டும். அதனால் கை நடுங்கும். கற்றுக்கொள்ள வந்தவருக்கு அந்த கிட் முதலில் சொல்லித் தருவது பயம். சோர்ஸ் கோடைக் கொடுக்காமல் பைனரியை மட்டும் கையில் திணிப்பது மாதிரி: ஓடும், ஆனால் நீங்கள் தொடக் கூடாது.

அடுத்தது மூட்டுகள். இந்த ரோபோக்கள் அசைவதற்காகவே செய்யப்பட்டவை. தோள் கவசமும் முழங்கையும் ஒன்றோடொன்று உரசியே தீரும். உரசினால் பெயின்ட் உரியும். பூச்சு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொண்டாலும், 1/144 கணக்கில் அது நிஜ ரோபோவின் மேல் 7 மில்லிமீட்டர் தடிமன். தகட்டுக் கோடுகளின் கூர்மை மழுங்கும். இறுக்கமாகப் பொருந்த வேண்டிய துளை இன்னும் இறுகும்.

"எல்லார் வீட்டிலும் ஏர்பிரஷ் இருக்கா? நேரம் இருக்கா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கண்ணுக்குள் ஒரு புள்ளி, தோளில் ஒரு எண், இதையெல்லாம் தொழிற்சாலை அச்சிட்டுத் தரட்டும், நன்றி. கையால் அடித்தால்தான் மாடலிங் என்று மூக்கைச் சிந்தும் பழைய ஆட்களோடும் நான் இல்லை. பெயின்ட்டே வேண்டாத கிட்டை 700 யென்னுக்குச் செய்ய முடியும் என்று நிரூபித்தாகிவிட்டது. அப்புறமும் முழுக் கவசத்துக்கும் பூசித் தருகிறார்கள் என்றால், பாகங்களைப் பிரிக்கும் செலவை மிச்சம்பிடித்து, அதைத் தரம் என்று நமக்கே விற்கிறார்கள் என்றுதான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

இதற்கு மதிப்புரை எழுதுகிறவர்களும் உடந்தை. விளக்கொளியில் ஒரு போஸ், பளபளப்புக்குப் பத்துக்கு ஒன்பது. பெட்டி திறந்த அன்று எல்லா கிட்டும் அழகுதான். அவர்களிடம் எனக்கு ஒரே கோரிக்கை: முழங்கையை ஐம்பது தடவை மடக்கி நீட்டுங்கள். அதற்கப்புறம் போட்டோ எடுங்கள்.