பதினாறு மார்க் பேரலல் கம்ப்யூட்டிங்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா பையன் செமஸ்டர் பரீட்சைக்கு விழுந்து விழுந்து படிச்சிட்டிருந்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ், கடைசி வருஷம். என்ன பேப்பர்டா மாப்ளேன்னு கேட்டா, பேரலல் கம்ப்யூட்டிங்காம். "ஃபிளின் வகைப்பாடு கண்டிப்பா வரும் மாமா. நாலு கட்டம் போட்டு விளக்கினா முழு மார்க்" என்றான்.

1966-இல் மைக்கேல் ஃபிளின் சொன்ன வகைப்பாடு. கட்டளை ஒண்ணா பலவா, டேட்டா ஒண்ணா பலவா என்று கம்ப்யூட்டர்களைப் பிரிப்பது. நான் படிச்சப்பவும் இதே கேள்விதான், 16 மார்க். இப்போ 13 ஆம். மாறினது அது ஒண்ணுதான்!

சும்மா இருக்க முடியாம, சின்னதா ஒரு சி புரோகிராம் எழுதச் சொன்னேன். நாலு திரெட். ஒவ்வொண்ணும் ஒரே எண்ணோட லட்சம் தடவை ஒண்ணைக் கூட்டணும். கடைசியில 4 லட்சம் வரணும் இல்லையா? வரலை. ஓட்டும்போதெல்லாம் வேற வேற விடை. பையன் மிரண்டுபோய், "லேப்டாப் ரிப்பேரா மாமா?" என்றான்.

ரிப்பேர் லேப்டாப்பில் இல்லை. ரெண்டு பேர் ஒரே கணக்கு நோட்டை ஒரே நேரத்துல பார்க்கிறாங்க. இருப்பு 100. ஆளுக்கு ஒண்ணு கூட்டி, ஆளுக்கொரு 101 எழுதுறாங்க. 102 வர வேண்டிய இடத்தில் 101. ரேஸ் கண்டிஷன் என்பது இவ்வளவுதான். இதை ஒரு தடவைகூடக் கண்ணால பார்க்காம ஒருத்தன் பாஸ் பண்ண முடியும்னா, அது என்ன படிப்பு?

கேட்டா, 'வசதி இல்லை' என்பார்கள். 1994-இல் நாசாவின் கோடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதா 486 பிசிக்களை ஈதர்நெட்டில் கோர்த்து, லினக்ஸ் போட்டு, பியோவுல்ஃப் கிளஸ்டரை உருவாக்கினார்கள். நம்ம லேப்புகளில் தூசி தின்னுட்டிருக்கிற மெஷின்கள் அதைவிடப் பல மடங்கு வேகம். ஓபன்எம்பி, எம்பிஐ ரெண்டுமே இலவசமா கிடைக்குது. பையனோட போனிலேயே எட்டு கோர் இருக்கு. வசதியா இல்லை?

ஆராய்ச்சி மட்டும் என்ன வாழுது? நான் பார்த்த வரைக்கும் சிமுலேட்டர்ல ஓட்டி, நாலு கிராஃப் போட்டு, பேப்பர். நிஜ மெஷின்ல ஓட்டிப் பார்த்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். இத்தனைக்கும் 2022-இல் திருச்சி என்ஐடிக்கே 838 டெராஃப்ளாப்ஸ் பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டர் வந்தாச்சு. அதுக்கு ஒழுங்கா புரோகிராம் எழுத ஆட்கள் எங்கிருந்து வருவாங்க?

1967-இல் ஜீன் ஆம்டால் சொன்னது: வேலையில் 10 சதவீதம் வரிசையாத்தான் நடக்கும்னா, எத்தனை பிராசசர் போட்டாலும் பத்து மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது. இதையும் மனப்பாடம் பண்ணினோம். எங்க லேப்ல அறுபது மெஷின், சாவி மட்டும் ஒரே ஒருத்தர் பையில். அவர் லீவுன்னா அறுபதும் தூங்கும். ஆம்டால் விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் வேணுமா? :-)

நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. முதல் வகுப்புல கட்டம் போடாதீங்க. தப்பா விடை தர்ற ஒரு புரோகிராமை ஓட்டிக் காட்டுங்க.

அன்னிக்கு ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து, லாக் போட்டு, பையன் 4 லட்சத்தை வரவழைச்சுட்டான். ஆனா ஒரே திரெட்ல ஓட்டினதைவிட மெதுவா ஓடுச்சு. "ஏன் மாமா?"ன்னு கேட்டான். அந்த 'ஏன்'தான் சிலபஸே.

காலையில எழுந்து பார்த்தா, மறுபடி நாலு கட்டம் போட்டுப் பழகிட்டிருந்தான். பரீட்சை ஆச்சே!