ஆவி மட்டும் போதுமா?



எங்க அம்மா ஹாலோ பிளாக் பட்டறையில் கல்லுக்குத் தண்ணி விடுகிற வேலை பார்க்கிறார். ஆர்டர் நெருக்கினால் மூன்றாம் நாளே கல்லை லாரியில் ஏற்றிவிடுவார்கள். இறக்குகிற இடத்தில் மூலை உடைந்தால், "தண்ணி ஒழுங்கா விடலை" என்று பழி அம்மா மேல் விழும். கூலியிலும் பிடிப்பார்கள். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். ஆகவே க்யூரிங் பாடத்தை மட்டும் தூங்காமல் கேட்டேன்!

உயர் அழுத்த நீராவி க்யூரிங் பற்றிப் படித்தபோது, "அடடா, இதுதான் வழி" என்று தோன்றியது. ஆட்டோகிளேவ் கலனுக்குள் சுமார் 180 டிகிரி செல்சியஸ் வெப்பம். காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு அழுத்தம். அழுத்தம் இருப்பதால்தான் அத்தனை சூட்டிலும் காரையின் ஈரம் பறந்து போவதில்லை. 28 நாளில் வரும் வலிமை ஒரே நாளில் வந்துவிடும். காய்ந்து சுருங்குவது குறையும். சல்பேட் உப்பையும் நன்றாகத் தாங்கும்.

ஆனால் நம்மில் பலர் விட்டுவிடுகிற பாதி ஒன்று இருக்கிறது. வெறும் சிமெண்டை இப்படி அவித்தால் வலிமை கூடாது, குறையும்! பசைபோல் பிணைக்க வேண்டிய பொருள் அந்தச் சூட்டில் அடர்ந்த படிகமாக மாறி, இடையில் துவாரம் பெருகிவிடுகிறது. மாவாக அரைத்த சிலிகாவைச் சிமெண்டோடு தகுந்த அளவில் சேர்த்தால்தான், அது சுண்ணாம்புடன் கூடி டோபர்மொரைட் என்ற உறுதியான பொருள் உண்டாகும்.

"மணலே சிலிகாதானே?" என்று கேட்கலாம். நானும் கேட்டேன். மணல் பருமனானது, மேல்தோல் மட்டுமே வினைபுரியும். சிமெண்டைப் போல் நைசாக அரைத்தால்தான் பயன். இன்னும் ஒன்று: இந்த முறையில் கம்பிப் பிடிமானம் வெகுவாகக் குறையும். அழுத்தத்தைப் படபடவென்று இறக்கினால் விரிசலும் விடும்.

ஆகவே என் கருத்து இதுதான். அவசரத்துக்கு ஆவியைக் காட்டிவிட்டு, சேர்க்க வேண்டியதைச் சேர்க்காவிட்டால், அதுவும் மூன்றாம் நாள் லாரி ஏற்றுவதும் ஒன்றுதான். பாய்லர் வாங்க வசதியில்லாத சின்னப் பட்டறை, 14 நாளாவது ஈரம் காயாமல் கல்லை வைத்திருப்பதே நேர்மை.

நம் லேபில் ஆட்டோகிளேவை சிமெண்ட் விரிவடைகிறதா என்று பார்க்க மட்டுமே திறக்கிறோம். 0.8 சதவீதத்துக்குள் இருந்தால் ரெக்கார்டில் எழுதி மூடிவிடுகிறோம். ஆசிரியர் மேற்பார்வையில், சிலிகா மாவு சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு செட் காரைக் கட்டிகள் செய்து, அவித்து, உடைத்துப் பார்க்க அனுமதி கேட்போம். மனப்பாடம் மறந்துபோகும், கண்ணால் பார்த்தது மறக்காது.

நாளை சூப்பர்வைசராக நின்று கல்லுக்குக் கையெழுத்துப் போடப்போவது நாம்தான். அன்று உடைந்த கல்லுக்குக் காரணம் கலவையா, அவசரமா என்று நமக்குத் தெரிந்திருந்தால், தண்ணி விட்ட கையைக் குற்றம் சொல்ல மாட்டோம்.

சிந்திப்போம், நண்பர்களே!