அறிக்கை வருகிறது, காணி வருவதில்லை

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் நாட்டைத் தாக்கிய ‘தித்வா’ சூறாவளி 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. கண்டி, நுவரெலியா, பதுளை ஆகிய மலையக மாவட்டங்களிலேயே உயிரிழப்பு மிக அதிகமாக இருந்தது. அங்கு மக்களைக் கொன்றது காற்றைக் காட்டிலும் சரிந்து வந்த மண்ணே. அந்நாள் முதல் பதுளை மாவட்டத்தின் தோட்டங்களிலும் கிராமங்களிலும் ‘என்.பி.ஆர்.ஓ. ரிப்போர்ட்’ என்ற சொல் முதியோர் முதல் சிறுவர் வரை அனைவரது பேச்சிலும் இடம்பிடித்துவிட்டது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரி வந்து சரிவைப் பார்த்து எழுதித் தரும் அறிக்கையைத்தான் மக்கள் அவ்வாறு குறிப்பிடுகின்றனர். பழைய வீட்டுக்குத் திரும்பலாமா, புதிய வீட்டுக்கு உரித்துண்டா என்பன போன்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த அறிக்கையே விடையாகக் கருதப்படுகிறது.

அவ்வறிக்கை உண்மையில் எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வது அவசியமென நாம் கருதுகிறோம். எச்சரிக்கை விடுக்கப்பட்ட பின்னரும் மக்கள் அதே இடத்தில் இறந்துபோன வரலாறு இம்மாவட்டத்துக்கு உண்டு.

நம் நாட்டில் மண்ணையும் பாறையையும் பற்றிய அரச ஆய்வு நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு கொண்டது. 1903ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கனிமவள அளவையின் முதல் பணிப்பாளராக இருந்தவர் கலாநிதி ஆனந்த குமாரசுவாமி. கலை விமர்சகராக உலகறிந்த அவர் முதலில் ஒரு புவிச்சரிதவியலாளர் என்பதை நம்மவரிற் பலர் மறந்துவிட்டனர். அந்த மரபில் வந்த திணைக்களமே, 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனியங்கள் சட்டத்தின் கீழ், புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகமாக மாறியது. கற்குவாரி, மணல், கனிய அகழ்வு ஆகியவற்றுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவது இப்பணியகமாகும். மண்சரிவு பற்றிய பொறுப்போ 1984இல் உருவான தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் சென்றது. முன்னையது சட்டத்தின் வழி பிறந்து, அனுமதி வழங்கவும் இரத்துச் செய்யவும் அதிகாரம் பெற்றது. பின்னையது அமைச்சரவைத் தீர்மானத்தின் வழி பிறந்து, நெடுங்காலம் தனக்கெனச் சட்டமெதுவுமின்றி ஆலோசனை கூறும் நிறுவனமாகவே இயங்கி வந்தது. குழி தோண்டுவதைக் கட்டுப்படுத்தும் காரியாலயத்துக்கு உள்ள பலம், உயிரைக் காக்கும் காரியாலயத்துக்கு இல்லாமற் போனது விசித்திரமே.

மண்சரிவு அபாய வரைபடப் பணி நாட்டிலேயே முதன்முதலில் தொடங்கப்பெற்றது பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான். 1986 ஜனவரி மாதத்தில் இப்பகுதிகளில் ஏற்பட்ட பாரிய சரிவுகளை அடுத்து, ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியுடன் 1990ஆம் ஆண்டில் அப்பணி ஆரம்பமானது. பாறையின் வகையும் அமைப்பும், மேலே படிந்துள்ள மண்ணின் தன்மையும் தடிப்பும், சரிவின் கோணம், நீரோட்டம், நிலப் பயன்பாடு, நில உருவம் ஆகிய ஆறு காரணிகளுக்கும் புள்ளியிட்டு, ஒவ்வொரு சரிவும் எந்த அளவுக்கு ஆபத்தானது என நிறம் தீட்டப்பட்டது. ஆகவே, எல்ல, ஹல்தும்முல்லை, பசறை, ஹாலி-எல ஆகிய பிரதேசங்களின் சரிவுகள் பற்றி அரசாங்கத்துக்கு ஒன்றும் தெரியாது என்று எவரும் கூறிவிட முடியாது.

மழை பற்றிய அளவுகோலும் தெளிவானது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ உடனடியாக வெளியேற வேண்டும். ஊவாவில் இந்த ஆபத்துக் காலம் பெரும்பாலும் ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நீடிக்கிறது. மலையகத்தின் மேற்குப் பகுதியில் மே, ஜூன் மாதங்களில் மண் சரியும்போது, நம் பக்கம் வானம் வெளுத்திருக்கும். கொழும்பிலுள்ளவர்களுக்கு இவ்வேறுபாடு அடிக்கடி மறந்துபோகிறது.

இனி மீரியபெத்தையைப் பார்ப்போம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் மேற்சரிவு பெயர்ந்து லயன் குடியிருப்புகளின் மீது விழுந்தது. பிள்ளைகள் பலர் அதற்குள் பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்டதால் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. நூற்றுக்கணக்கானோர் புதையுண்டதாக முதலில் கூறப்பட்ட எண்ணிக்கை, பின்னர் நாற்பதுக்கும் குறைவெனத் திருத்தப்பட்டது. அந்த லயன்களில் யார் யார் வசித்தனர் என்பதை அறிய நம்பத்தகுந்த பதிவு ஒன்று அன்று கையிலிருக்கவில்லை என்பதையே அந்தத் தடுமாற்றம் காட்டியது.

அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ‘அறிவித்தோம், அவர்கள் போகவில்லை’ என்று அதிகாரிகள் தரப்பில் கூறப்பட்டது. ‘போகச் சொன்னார்கள், எங்கே போவது என்று சொல்லவில்லை’ என்பது மக்களின் பதிலாக இருந்தது. இரண்டு கூற்றுகளும் உண்மையே. அவ்விரண்டுக்கும் இடையிலிருந்த வெற்றிடத்திலேயே அந்த மக்கள் இறந்தனர்.

அந்த வெற்றிடம் தற்செயலாக உண்டானதன்று. தோட்டக் காணி அரசாங்கத்துக்குச் சொந்தமானது. 1992ஆம் ஆண்டு முதல் அது பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்தில் உள்ளது. குத்தகைக் காலம் 2045ஆம் ஆண்டு வரை. லயன் அறையில் நான்கு தலைமுறையாக வாழ்பவருக்கு அதன் மீது எந்த உறுதிப்பத்திரமும் கிடையாது. கிராமத்தவர் ஒருவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தால், அவர் தன் காணியின் வேறொரு மூலையிலாவது, உறவினரின் காணியிலாவது ஒரு குடிசை போட்டுக்கொள்ள வாய்ப்புண்டு. தோட்டத் தொழிலாளி அதே தோட்டத்தில் ஒரு பேர்ச் நிலத்தில் கூரை போட்டாலும் அது அத்துமீறல். காணியை விடுவிக்கக் கம்பனி இணங்க வேண்டும், அமைச்சு அனுமதிக்க வேண்டும், பிரதேச செயலகம் அளவிட வேண்டும், அதன் பின்னர் அந்தப் புதிய இடமும் பாதுகாப்பானதென மீண்டும் அதே நிறுவனத்தின் அறிக்கை பெறப்பட வேண்டும். இவற்றுள் எந்தப் படியையும் குறித்த காலத்துக்குள் முடிக்கும்படி எவரையும் கட்டாயப்படுத்தும் விதி, நாம் தேடியவரையில், அந்த எச்சரிக்கைக் கடிதங்களின் பின்னால் இருக்கவில்லை.

நிதி விடயத்திலும் இதே கதைதான். மண்சரிவைத் தடுக்கும் வழிகளுள் செலவு குறைந்தது, மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் வடிந்தோடக் கான் வெட்டிப் பராமரிப்பதாகும். பழைய தோட்ட நிர்வாகத்தில் கான் வெட்டு ஒரு தனி வேலையாகவே இருந்தது. இன்று பல தோட்டங்களில் ஆட்குறைப்பால் அது கைவிடப்பட்டுள்ளது. கம்பனி செய்யாவிட்டால் பிரதேச சபையேனும் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், தோட்டப் பகுதிகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்ட மக்களின் வாக்குகளைப் பெற்று வந்த உறுப்பினர்களாலும் அம்மக்களுக்கு ஒரு கானைத்தானும் வெட்டிக்கொடுக்க முடியவில்லை. 2018ஆம் ஆண்டிலேயே அச்சட்டம் திருத்தப்பட்டது. அதாவது, மீரியபெத்தை சரிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர்.

எல்ல நகருக்கு வருவோம். இங்கு நிலைமை தலைகீழானது. 2011ஆம் ஆண்டின் சுற்றறிக்கையின்படி, மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டிட அனுமதி வழங்கும் முன்னர் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசை உள்ளூராட்சி மன்றங்கள் பெற வேண்டும். ஆயினும், எல்ல பாறையையும் இராவணன் நீர்வீழ்ச்சியையும் பார்க்க வரும் வெளிநாட்டவரை நம்பி, செங்குத்தான சரிவுகளை வெட்டி அடுக்குமாடி விடுதிகள் எழுந்துள்ளதையும், உரிய அனுமதியின்றிக் கட்டப்பட்டவை பற்றிய முறைப்பாடுகளையும் இப்பகுதி மக்கள் நன்கறிவர். லயன் குடியிருப்பாளருக்கு ‘போ’ என்று எழுதப்படுகிறது, போக இடம் தரப்படுவதில்லை. விடுதி கட்டுவோருக்கு ‘கட்டாதே’ என்று எழுதப்பட்டாலும் கட்டிடம் எழுந்துவிடுகிறது. சிபாரிசை மீறினால் கேட்பவர் யார் என்ற கேள்விக்கு, சபையைக் காட்டும் நிறுவனமும் நிறுவனத்தைக் காட்டும் சபையுமே பதிலாக உள்ளன.

இதில் இனபேதம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. உமா ஓயா பல்நோக்குத் திட்டத்தை நினைவுகூருங்கள். ஈரானிய நிறுவனம் ஒன்றின் மூலம் நிறைவேற்றப்பட்ட இத்திட்டத்துக்காக 15 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்தில் மலையைக் குடைந்து சுரங்கவழி அமைக்கப்பட்டது. 2014 டிசம்பரில் அச்சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. அதன் பின்னர் பண்டாரவளை, எல்ல பகுதிகளில் கிணறுகள் வற்றின, ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017 ஜூன் மாதத்தில் பண்டாரவளை நகரில் பெருந்திரளான மக்கள் வீதிக்கு இறங்கினர். பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலானோர் சிங்கள விவசாயிகள். தமிழரும் முஸ்லிம்களும் அவர்களோடு இருந்தனர். குருத்தலாவ, சில்மியாபுர போன்ற முஸ்லிம் கிராமங்களைக் கொண்ட வெலிமடைப் பக்கமிருந்தே அத்திட்டத்துக்கான நீர் திருப்பப்படுகிறது. சுரங்கம் தோண்டும் முன்னர் போதிய புவியியல் ஆய்வு செய்யப்படவில்லை என்ற விமர்சனம் அன்று பலமாக எழுந்தது. 2024 ஏப்ரலில் ஈரானிய ஜனாதிபதியின் முன்னிலையில் 120 மெகாவோட் திட்டம் கோலாகலமாகத் திறந்துவைக்கப்பட்டது. வற்றிய கிணறுகளுக்கு அன்று அழைப்பு அனுப்பப்பட்டதாகத் தெரியவில்லை.

நம்மைப் போன்று மலைச்சரிவில் மக்களைக் குடியமர்த்திய பிற நாடுகள் வேறு பாடம் கற்றன. ஹொங்கொங்கில் 1972ஆம் ஆண்டிலும் 1976ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த சரிவுகளில் ஏழைக் குடியிருப்பாளர் பெருந்தொகையாக மாண்டனர். அடுத்த ஆண்டே அங்கு சரிவுகளைக் கண்காணிக்கத் தனிக் காரியாலயம் அமைக்கப்பட்டது. அக்காரியாலயம் ஒரு சரிவை ஆபத்தானதெனக் கண்டால், அதைச் சீர்செய்யுமாறு காணி உரிமையாளருக்குச் சட்டப்படி உத்தரவு பிறப்பிக்கச் செய்ய முடியும். உத்தரவு காணிக்குரியவருக்குப் போகிறது, குடியிருப்பவருக்கன்று. நமது வேறுபாடு இங்குதான் உள்ளது. மாறாக, கேரளத்தின் மூணாறை அண்மித்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6ஆம் திகதி இரவு 70 உயிர்கள் பலியானபோது, இறந்தவர்கள் தமிழ்த் தேயிலைத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினருமே. அவர்களும் கம்பனியின் லயங்களிலேயே உறங்கிக்கொண்டிருந்தனர். கடலுக்கு அப்பாலும் நம்மவரின் வீட்டுக்கு மேலே அதே மலைதான்.

மொழிப் பிரச்சினையையும் விட்டுவிட முடியாது. 1999ஆம் ஆண்டு வர்த்தமானி அறிவித்தலைத் தொடர்ந்து, பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாயின. இன்று நிறுவனத்தின் பொது எச்சரிக்கைகள் மூன்று மொழிகளிலும் வெளியாவது பாராட்டத்தக்கது. ஆனால், ஒரு குறிப்பிட்ட லயனைப் பற்றிய கள அறிக்கை என்பது வேறு. அது பிரதேச செயலாளருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட முகாமையாளருக்கும் செல்கிறது. அந்தக் கூரையின் கீழ் உறங்குபவருக்கு அதன் சாரம் வாய்மொழியாக, பல வாய்கள் மாறி வந்து சேர்கிறது. ‘மத்திய தர அபாயம்’ என்ற சொற்றொடர் பிரட்டுக்களத்தை வந்தடையும்போது ‘பயமில்லையாம்’ என்று மாறியிருக்கும்.

அதிகாரிகள் மீது குறை சுமத்துவது நமது நோக்கமன்று. பதுளை மாவட்டக் காரியாலயத்தின் ஒரு சில புவியியலாளர்கள், ‘தித்வா’வுக்குப் பின்னர் உடைந்த வீதிகளில் நடந்தே சென்று, எண்ணற்ற சரிவுகளைப் பார்வையிட வேண்டியிருந்தது. இன்று ஒரு வெடிப்பைப் பார்த்து ‘திரும்பலாம்’ என்று எழுதி, நாளை அது சரிந்தால் பழி அவர்கள் மீது. ‘திரும்ப வேண்டாம்’ என்று எழுதினால் அந்தக் குடும்பம் எத்தனை மாதம் பாடசாலைக் கட்டிடத்தில் கிடக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். எவரும் பொறுப்பேற்காத ஒரு முடிவின் முழுப் பாரத்தையும் ஒரு தொழில்நுட்ப அறிக்கையின் தலையில் ஏற்றியிருப்பதே தவறு.

வழியில்லை என்று கூறுவதும் பொருந்தாது. மீரியபெத்தை மக்கள் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தனர் என்றாலும், 2016ஆம் ஆண்டில் பூனாகலை, மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டி அவர்களிடம் கையளிக்கப்பட்டன. தேவை ஏற்பட்டபோது குத்தகையும் கம்பனியும் அதற்குத் தடையாக நிற்கவில்லை. அதே காணியை 2005ஆம் ஆண்டிலோ 2011ஆம் ஆண்டிலோ விடுவித்திருந்தால், வீடுகளோடு அம்மக்களும் இருந்திருப்பர்.

ஆகவே, நாம் கேட்பது பெரிய காரியமன்று. ‘இடமாற்றப்பட வேண்டும்’ என்ற முடிவுடன் ஓர் அறிக்கை வெளியாகும்போது, அதே கடிதத்திலேயே மாற்றுக் காணியை விடுவிக்க வேண்டியவரின் பதவியும் இறுதித் திகதியும் குறிப்பிடப்பட வேண்டும். அதன் தமிழ்ப் பிரதி அந்தக் குடும்பத்தின் கையில் கொடுக்கப்பட்டு, தோட்டத்தின் பிரட்டுக்களத்தில் ஒட்டப்பட வேண்டும். பதுளை மாவட்டத்தில் இதுவரை எத்தனை குடும்பங்களை அகற்றுமாறு எழுதப்பட்டுள்ளது, அவற்றுள் எத்தனை குடும்பங்களுக்கு உண்மையில் காணி கிடைத்துள்ளது என்ற இரண்டு எண்ணிக்கைகளையும், தோட்டம் தோட்டமாக, கிராமம் கிராமமாக, மாவட்டச் செயலகம் ஒக்டோபர் மழைக்கு முன்னர் வெளியிட வேண்டும்.