ஒற்றை விரலில் அதிர்ந்த டெட்ராய்ட்! பேஸ் கிட்டார் வாசிக்கும் கைக்குச் சில பாடங்கள்

மொபைல் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்பவர்களின் காதில் பெரும்பாலும் விழாத வாத்தியம் பேஸ் கிட்டார். அதன் மிகத் தடித்த தந்தியான 'ஈ', விநாடிக்குச் சுமார் 41 முறைதான் அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சின்ன ஸ்பீக்கரால் சரியாகத் தர முடியாது. ஹெட்போன் மாட்டினால்தான், பாட்டைக் கீழேயிருந்து ஒருவர் தாங்கிப் பிடித்திருப்பதே தெரியும்.

அப்படித் தாங்கியவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இயங்கிய மோட்டவுன் நிறுவனத்தின் ஸ்டூடியோ கலைஞர். 1964-ல் வந்த 'மை கேர்ள்' பாடலைத் தொடங்கிவைப்பது அவருடைய பேஸ்தான். ஆனால், இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் இருக்காது. 1971-ல் மார்வின் கே வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் மோட்டவுன் தன் ஸ்டூடியோ கலைஞர்களின் பெயர்களை அச்சிட்டது.

இன்று பேஸ் கற்றுக்கொள்பவர்களை ஆச்சர்யப்படுத்தும் விஷயம் வேறு. ஜேமர்சன் தந்தியைச் சுண்டியது வலது கையின் ஆள்காட்டி விரலால் மட்டுமே! அந்த விரலுக்கு 'கொக்கி' என்றே பட்டப்பெயர். டபுள் பேஸில் தொடங்கியவர் என்பதால் வந்த பழக்கம் அது.

அப்படியென்றால் ஒரு விரலே போதுமா? பெரும்பாலானோருக்குப் போதாது. வேகமான பாடல்களில் ஒரே விரல் சீக்கிரம் களைத்துவிடும். அதனால்தான் ஆள்காட்டி விரல், நடுவிரல் என மாற்றி மாற்றி வாசிப்பது பொதுவான முறையாகிவிட்டது. ஜேக்கோ பாஸ்டோரியஸ் இரண்டு விரல்களால் மின்னல் வேகம் காட்டினார். பில்லி ஷீஹன் மூன்று விரல்களால் வாசிப்பவர். விரல்களின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வொரு சுண்டலும் ஒரே அளவில், ஒரே சீராக விழுகிறதா என்பதுதான் கேள்வி.

கட்டைவிரல் எங்கே?

தொடக்கத்தில் கட்டைவிரலை பிக்கப்பின் மேல் ஊன்றிக்கொள்ளலாம். மெல்லிய தந்திகளுக்கு விரல்கள் போகும்போது கட்டைவிரலும் கூடவே நகர்ந்து, 'ஈ' தந்தியின் மேல் அமர வேண்டும். வாசிக்காத தந்தி தானாக அதிர்ந்து இரைச்சல் எழுப்புவது அப்போது நின்றுவிடும். பேஸில் தேவையற்ற ஒலியை அடக்குவது, தேவையான ஒலியை எழுப்புவதற்குச் சமமான வேலை.

சுண்டிய பிறகு..?

விரல் தந்தியை மேலே இழுக்கக் கூடாது. தந்தியைக் கடந்து, அடுத்த தடித்த தந்தியின் மேல் போய் ஓய்வெடுக்க வேண்டும். 'ஈ' தந்தியைச் சுண்டினால் விரல் கட்டைவிரலில் வந்து நிற்கும். மெல்லிய தந்தியிலிருந்து தடித்த தந்திக்கு இறங்கும்போது, ஓய்வெடுக்கும் அதே விரலே அடுத்த ஸ்வரத்தையும் வாசித்துவிடலாம். பாதி உழைப்பு மிச்சம்!

பலத்தை ஆம்ப் பார்த்துக்கொள்ளட்டும்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, சத்தம் போதவில்லை என்று தந்தியை ஓங்கிச் சுண்டுவது. தந்தி ஃப்ரெட்டில் மோதிச் சடசடக்கும், விரல் இறுகும், வேகம் குறையும். ஆம்பின் ஒலியைக் கூட்டிவிட்டு மென்மையாகச் சுண்டினால் ஒலி தெளிவாகும். கனமான, மிருதுவான ஒலி வேண்டுமென்றால் நெக் பக்கமாகவும், இறுக்கமான, துல்லியமான ஒலி வேண்டுமென்றால் பிரிட்ஜ் பக்கமாகவும் கையை நகர்த்தலாம்.

மணிக்கட்டு ஜாக்கிரதை

கிட்டாரை முழங்காலுக்குத் தொங்கவிட்டால் மேடையில் ஸ்டைலாக இருக்கலாம். ஆனால், ஏதாவது ஒரு கையின் மணிக்கட்டு கூர்மையாக மடங்கும். மடங்கிய நிலையில் மணிக்கணக்கில் விரல்களை இயக்கினால் தசைநார்களுக்குத்தான் பாதிப்பு. உட்கார்ந்து வாசிக்கும்போது கிட்டார் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நிற்கும்போதும் ஏறத்தாழ அதே உயரத்தில் இருக்குமாறு ஸ்ட்ராப்பைச் சரிசெய்ய வேண்டும். விரல் நுனியில் லேசான எரிச்சல் புதியவர்களுக்கு சகஜம், தோல் பழகிவிடும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி, மரத்துப்போதல் இருந்தால் உடனே நிறுத்த வேண்டும். தொடர்ந்தால் மருத்துவரைப் பார்ப்பதே சரி. வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பது பயிற்சி ஆகாது.

தினம் 10 நிமிடம்

மொபைலிலேயே மெட்ரோனோம் செயலிகள் கிடைக்கின்றன. வேகத்தை 60-ல் வைத்து, இடது கையால் தந்திகளை லேசாகத் தொட்டு அடக்கிக்கொண்டு, ஒரே தந்தியில் தொடங்கலாம். முதலில் ஒரு தட்டுக்கு ஒரு சுண்டல், பிறகு இரண்டு, பிறகு நான்கு. ஒருநாள் ஆள்காட்டி விரலில் தொடங்கினால், மறுநாள் நடுவிரலில் தொடங்க வேண்டும். அதைப் பதிவுசெய்து ஹெட்போனில் கேட்கலாம். எந்த விரல் சுண்டியது என்று காதால் கண்டுபிடிக்க முடியாத நாளில், வேகத்தை 65 ஆக்கலாம். அதுவரை 60-ஐத் தாண்டத் தேவையில்லை.

ஜேமர்சன் 1983-ல், 47 வயதில் இறந்தார். 2000-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது. உறையில் பெயர் இல்லாத நாள்களிலும் அந்த ஒற்றை விரல் ஒரு சுண்டலையும் அலட்சியமாக விட்டதில்லை. சந்தேகம் இருப்பவர்கள் 'மை கேர்ள்' பாடலின் முதல் சில விநாடிகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஹெட்போன் அவசியம்!