பதினோரு கேள்விகள்



இந்த மாதம் ஒரு தப்பை ஒப்புக்கொண்டுதான் இந்தப் பக்கத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம் அலுவலகத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண். கூடவே அவளுடைய சித்தி மகன். பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருப்பவன். எங்கள் அலுவலகத்தின் பின்தெருவில் குடியிருப்பவர்கள். அங்கே மேம்பாலத்துக்கு அடியில் இரண்டு தூண்களுக்கு நடுவே குப்பையும், அச்சு முறிந்த ஒரு மீன்பாடி வண்டியும் வருஷக்கணக்காகக் கிடக்கின்றன. அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கி, தூணுக்கு வண்ணம் அடித்து, சாயங்காலம் தெருப்பிள்ளைகள் உட்கார்ந்து கதைப் புத்தகம் படிக்கிற இடமாக்க வேண்டும் என்பது அவர்கள் யோசனை. ஒரு நாற்பது பக்க நோட்டில் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள். பெயின்ட், பிரஷ், ஆறு கோரைப்பாய், பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டி. மொத்தம் 4,200 ரூபாய். "புக்கெல்லாம் வீடு வீடாப் போய் நாங்களே சேத்துட்டோம் சார்" என்றான் பையன்.

நான் கேட்க ஆரம்பித்தேன். மாநகராட்சியில் அனுமதி வாங்கியாயிற்றா? உங்கள் குழு பதிவு செய்ததா? பேங்க் கணக்கு யார் பேரில் இருக்கிறது? பெயின்டுக்கு இரண்டு கடையில் விலை விசாரித்தீர்களா? மழை வந்தால் பாய் எங்கே போகும்? ஆறு மாதம் கழித்து யார் பார்த்துக்கொள்வார்கள்? தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் நியாயமான கேள்விதான். அந்தப் பெண் முதல் நான்குக்குப் பதில் சொன்னாள். அப்புறம் தலையை மட்டும் ஆட்டினாள். கடைசியில் நோட்டை மூடிவிட்டாள். "கேட்டுட்டு வர்றோம் சார்" என்று போனவர்கள் திரும்பவில்லை.

அன்று ராத்திரி படுத்தபடி எண்ணிப் பார்த்தேன். பதினோரு கேள்வி, 4,200 ரூபாய்க்கு. கேள்விக்கு நானூறு ரூபாய்கூடத் தேறவில்லை.

அடுத்த வாரம் நகரங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, இன்னொரு பாலத்தின் அடி கண்ணில் பட்டது.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் சியாட்டில் நகரம். அதில் ஃப்ரீமான்ட் என்று ஒரு பேட்டை. அரோரா பாலம் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் உயரமான பாலம் அங்கே கரையேறுகிறது. அதற்கு அடியில் இருந்த மூலை, 1980களின் கடைசியில், குப்பை கொட்டவும் போதை விற்கவும்தான் பயன்பட்டது. நாமாக இருந்தால் வேலி போட்டு, 'இங்கு குப்பை கொட்டாதீர்' என்று எழுதி, அந்தப் பலகைக்குக் கீழேயே குப்பை சேர்வதைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்தப் பேட்டையின் கலைக் குழுவினர் ஒரு போட்டி வைத்தார்கள். வென்ற நான்கு கலைஞர்கள் 1990இல் அந்த மூலையில் 18 அடி உயரத்துக்கு ஒரு பூதத்தை உட்கார வைத்தார்கள். பாலத்துக்கு அடியில் பூதம் இருக்கும் என்பது நார்வே பக்கத்துக் கதை. கம்பி கட்டிச் சிமென்ட் பூசிய உருவம். கண்ணுக்குக் காரின் சக்கர மூடி. இடது கையில் நிஜமான ஒரு பீட்டில் கார், ரோட்டில் போனதை அப்படியே லபக்கென்று பிடித்த மாதிரி. இன்று பிள்ளைகள் அதன் கை, தோள் என்று ஏறி விளையாடுகிறார்கள். பக்கத்துத் தெருவுக்கு 2005இல் பூதத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

பூதத்தைவிட என்னைக் கவர்ந்தது, அதற்குப் பணம் வந்த வழி. 1988இல் சியாட்டில் நகர நிர்வாகம் அக்கம்பக்கத்து மக்களுக்கென்று ஒரு தனி அலுவலகம் திறந்தது. அதை நடத்த ஜிம் டியர்ஸ் என்பவரை அழைத்தது. அவர் அதற்கு முன்னால் மக்களைத் திரட்டி அதிகாரிகளிடம் போராடும் வேலையில் இருந்தவர். போராடியவரையே கூப்பிட்டு நாற்காலி கொடுத்ததில் ஒரு நகரத்தின் பெருந்தன்மையும் இருக்கிறது, சாமர்த்தியமும் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் வழியாக ஓர் இணை நிதி தொடங்கியது. முதலில் ஒதுக்கிய தொகை 1,50,000 டாலர். ஒரு நகரத்தின் பட்ஜெட்டில் அது கடுகு. 2001 வாக்கில் அது ஆண்டுக்கு 45 லட்சம் டாலராக வளர்ந்திருந்தது.

நிதியின் விதி எளிமையானது. உங்கள் தெருவுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். நகரம் ஒரு பங்கு தரும். அதற்கு ஈடான பங்கை நீங்கள் போட வேண்டும். அந்தப் பங்கு பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மரக்கன்று, சிமென்ட் மூட்டை, இரவல் லாரி எதுவும் ஆகலாம். மண் வெட்டிய நேரமும் ஆகும். உழைத்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு மதிப்பு வைத்து, அதைக் கணக்குப் புத்தகத்தில் வரவாக எழுதிக்கொண்டார்கள். சனிக்கிழமை காலை கடப்பாரை பிடித்த கைகள், நகரசபையின் ஏட்டில் நன்கொடையாளர்கள் ஆகிவிட்டன.

இப்படி ஆயிரக்கணக்கான வேலைகள் நடந்திருக்கின்றன. விளையாட்டிடம், சுவரோவியம், ஊர் வரலாற்றுத் தொகுப்பு, கூட்டாகக் காய்கறி போடும் தோட்டம். பிராட்னர் என்ற இடத்தில் ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலான நிலத்தை வீடு கட்ட விற்றுவிடலாம் என்று நகரமே நினைத்திருந்தது. சுற்றியிருந்தவர்கள் விடவில்லை. இன்று அது தோட்டப் பூங்கா. தான் கைகழுவ நினைத்த நிலத்தில் பூங்கா எழ, அதே நகரத்தின் இணை நிதியும் உதவியது.

என் கேள்விகளை மறுபடி புரட்டினேன். அனுமதி கேட்டதில் தப்பில்லை. பொது இடத்தில் தூணுக்கு வண்ணம் அடிக்க அனுமதி வேண்டும்தான். ஆனால் சியாட்டிலில் நிதி கொடுக்கிற அலுவலகத்திலேயே, எந்தக் கதவை எப்படித் தட்டுவது என்று கூட நின்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். நானோ கேள்வியை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கேள்வியை அளந்து கேட்கத் தெரிந்த இன்னும் இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

பாஸ்டன் நகரில் 2009இல் ஆசம் ஃபவுண்டேஷன் என்று ஒன்று பிறந்தது. பத்துப் பேர் மாதம் ஆளுக்கு 100 டாலர் போடுவார்கள். சேரும் 1,000 டாலரை ஒரே ஒரு யோசனைக்குக் கொடுத்துவிடுவார்கள். திருப்பித் தர வேண்டாம், பங்கு கேட்க மாட்டார்கள். முதல் பணம் போனது ஒரு பிரம்மாண்டமான ஊஞ்சல் தொட்டிலுக்கு. பொது இடத்தில் முன்பின் தெரியாதவர்கள் பல பேர் ஒரே வலையில் சாய்ந்து கிடக்கலாம். 'இதனால் சமூகத்துக்கு என்ன பயன்?' என்று நான் கேட்டிருப்பேன். அவர்கள் கேட்கவில்லை. பிற்பாடு இதே ஏற்பாடு பல நாடுகளின் ஊர்களுக்குப் பரவியது.

அடுத்தது டெட்ராய்ட். கார்த் தொழில் தேய்ந்து, 2013இல் நகரமே திவால் மனு கொடுத்த ஊர். அதற்கு மூன்று வருஷம் முன்பே அங்கே சிலர் சூப் காய்ச்ச ஆரம்பித்திருந்தார்கள். யோசனை சிகாகோவிலிருந்து வந்தது. அப்போது வாசலில் 5 டாலர் கொடுத்தால் சூப், சாலட், ரொட்டி, கூடவே ஓர் ஓட்டு. நான்கு பேர் மேடை ஏறித் தங்கள் திட்டத்தைச் சொல்வார்கள். ஆளுக்கு நான்கு நிமிஷம். கூட்டத்திலிருந்து நான்கே நான்கு கேள்வி. பிறகு சாப்பாடு, பேச்சு, ஓட்டு. வென்றவர் அன்றைய வாசல் வசூலை அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம். தோற்ற மூன்று பேரும் வெறுங்கையோடு போனதில்லை. சூப் குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர், 'எங்கிட்ட ஒரு வேன் சும்மா நிக்குது' என்று சொல்லியிருப்பார்.

இதைப் படித்ததும் உங்களில் புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து வாசகர்கள் சிரித்திருப்பீர்கள். ஆடி, ஆவணி மாதங்களில் அங்கே நடக்கும் மொய் விருந்துக்குமுன் இந்த சூப் எம்மாத்திரம்! பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, வாசலில் மொய் நோட்டும் அண்டாவும் வைத்து, ஒரே நாளில் ஒரு குடும்பத்தின் கடனை அடைத்து, புதுத் தொழிலுக்கு முதலும் திரட்டிவிடுவார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. மொய் நோட்டில் எழுதியது திரும்ப வேண்டும், கொஞ்சம் கூடுதலாகவே. டெட்ராய்ட்டில் கொடுத்த 5 டாலரை யாரும் எந்த நோட்டிலும் எழுதவில்லை. பணம் போட்டவர் அதைத் தேட வேண்டுமானால் தெருவில்தான் தேட வேண்டும்.

நம்மிடமும் பொதுக்காரியத்துக்குப் பங்கு போடும் பழக்கம் புதிதல்ல. கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி கொடுக்காத ஊர் உண்டா? அரசும் அந்த வழியைப் பிடித்தது. 1997இல் வந்த 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மிச்சத்தைப் போடும். 2021இல் திட்டம் மறுபடி வந்தபோதும் மக்கள் பங்கு பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒன்று என்று வைத்தார்கள். பள்ளிக் கட்டடம், குளம், பூங்கா போன்ற வேலைகளுக்கு இது நல்ல ஏற்பாடு. எனக்குக் குறையாகத் தெரிவது அதற்கும் கீழே, ஆறு கோரைப்பாயும் ஒரு தகரப் பெட்டியும் வாங்குகிற உயரத்தில், கை நீட்ட ஓர் இடம் இல்லாதது.

அந்த இடத்தை உண்டாக்கும்போது ஒரு கிழவியை மறந்துவிடக் கூடாது. திருவிளையாடற் புராணத்து வந்தியைச் சொல்கிறேன். வைகையில் வெள்ளம் வந்தபோது பாண்டியன் வீட்டுக்கு இவ்வளவு கரை என்று அளந்து விட்டான். உழைப்பைப் பங்காகக் கேட்ட கணக்குத்தான் அதுவும். பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. மண் சுமக்க யாரை அனுப்புவாள்? சொக்கநாதரே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு, வேலையைச் சரியாகச் செய்யாமல் பிரம்படியும் பட வேண்டியிருந்தது.

'உங்கள் பங்கு உழைப்பு' என்று சொல்வது எளிது. ஓய்வுபெற்ற இன்ஜினீயரும், ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்தவரும், ஞாயிற்றுக்கிழமை லீவும் இருக்கிற காலனி அந்தப் பங்கைச் சுலபமாகப் போட்டுவிடும். விடிகாலை வீட்டுவேலைக்குப் போய் ராத்திரி திரும்பும் பெண்கள் இருக்கிற தெருவில் யார் மண் சுமப்பது? தலைக்கட்டு எண்ணும்போதே விட்டுப்போகிற வீடுகள் நம் ஊர்களில் உண்டு. சிறு நிதி முதலில் போய்ச் சேர வேண்டியது அங்கேதான். இருப்பவரும் இல்லாதவரும் ஒரே பங்கு போட வேண்டும் என்று விதி எழுதினால், வந்தியின் கரை மட்டும் அடைபடாமல் நிற்கும். ஒவ்வொரு தடவையும் கடவுள் கூடை தூக்க வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

இதையெல்லாம் படித்து முடித்த சனிக்கிழமை, மனம் கேட்காமல் பின்தெருவுக்குப் போனேன். மீன்பாடி வண்டி இல்லை. காயலான் கடைக்காரரிடம் பேசி எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறார்கள்; அதில் கிடைத்த காசுதான் முதல் முதல். தூண் இன்னும் வெறும் சிமென்டாகவே இருந்தது. இட்லிக் கடை அக்கா கொடுத்த இரண்டு பழைய பிளெக்ஸ் பேனர்களைத் திருப்பி விரித்து, அதன்மேல் ஒன்பது பிள்ளைகள். ஒரு பொடியன் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "அனுமதிக்கு மனு குடுத்திருக்கோம் சார். இன்னும் வரல" என்றாள், நான் கேட்பதற்கு முன்னாலேயே. என் பதினோரு கேள்விகளையும் அந்த நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். நான்குக்கு எதிரே டிக் போட்டிருந்தது.

4,200 ரூபாயை அவள் கையில் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. "எத்தனை மணிக்கு வரணும்மா?" என்று மட்டும் கேட்டேன். அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் எழுதினான்: 'சனி, அஞ்சு மணி, பாய் தட்டி விரிப்பது: பத்திரிகை சார்.'

உங்கள் தெருவில் ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிகிற, ஆனால் யாரும் கேட்காமல் கிடக்கிற யோசனை ஏதாவது இருக்கும். எங்களுக்கு எழுதுங்கள். அனுமதிக் கடிதமும் விலைப்புள்ளியும் இணைக்க வேண்டாம். என்ன செய்ய நினைக்கிறீர்கள், யார் யார் வருவார்கள், வர முடியாத வீடு எது? இந்த மூன்றுக்கு மட்டும் பதில் இருந்தால் போதும். வருகிற கடிதங்களை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். பக்கத்துத் தெருவிலேயே சும்மா நிற்கிற ஒரு வேன் இருக்கக்கூடும்.

அன்புடன்,
ஆசிரியர்