ஆழத்தில் ஒரு வழக்கு

அந்தமானின் வண்டூர் படகுத்துறையில் பயணிகளைக் கவர்ந்திழுப்பவை பவளப்பாறைகள். மகாத்மா காந்தி தேசியக் கடல் பூங்காவின் வாசல் இது. 2010 கோடையில் கடல் சூடேறியபோது அந்தமானில் பவளங்கள் பெருமளவு வெளுத்தன.

மேற்பரப்பின் சூட்டைச் செயற்கைக்கோள் சொல்லிவிடும். ஆனால் பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போகிறது. ஆழத்தில் அது எவ்வளவு? விஞ்ஞானிகளிடையே வழக்கு இங்கேதான். தகராறு தெர்மாமீட்டரைப் பற்றி மட்டுமல்ல, ஆழத்தைப் பற்றியும்தான்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) செல்லும் கப்பல்களிலிருந்து 1990 முதல் கோவாவின் தேசிய கடலியல் நிறுவனம் 'எக்ஸ்.பி.டி.' என்ற கருவியைக் கடலில் போட்டு அளந்தது. மெல்லிய செப்புக் கம்பி வழியே வெப்பநிலையை அனுப்பியபடி அது மூழ்கும். ஆழத்தை அது அளப்பதில்லை. விழுந்த நேரத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். விழும் வேகத்தில் சிறு பிசகு என்றாலும், ஓர் ஆழத்தின் சூடு இன்னோர் ஆழத்தின் பெயரில் பதிவாகிவிடும்.

அடுத்து வந்தவை ஆர்கோ மிதவைகள். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து அளந்தபடி மேலே வந்து, செயற்கைக்கோளுக்குச் சேதி சொல்பவை. இந்தியாவில் இதைக் கவனிப்பது ஹைதராபாதின் இன்காய்ஸ் மையம். இவையும் தப்பவில்லை. 2003-க்குப் பின் கடல் குளிர்ந்துவிட்டதாக அமெரிக்க விஞ்ஞானிகள் 2006-ல் அறிவித்தார்கள். சந்தேகப்பட்டவர்களுக்குக் கொண்டாட்டம். மறு ஆண்டே குட்டு வெளிப்பட்டது: சில மிதவைகள் வெப்பநிலையைத் தவறான ஆழத்தோடு சேர்த்திருந்தன, எக்ஸ்.பி.டி.யோ சூட்டைக் கூட்டிக் காட்டியிருந்தது. இரண்டையும் திருத்தியதும் 'குளிர்ச்சி' மறைந்தது. தவறைக் கண்டுபிடித்ததில் அறிவித்தவர்களுக்கே பங்குண்டு.

மிச்சமிருப்பது 2,000 மீட்டருக்குக் கீழே. அங்கே இறங்கும் மிதவைகள் இன்னும் சொற்பம். பக்கத்துக் கடலின் கணக்கைக் கடன் வாங்கவும் முடியாது. வண்டூர் பார்த்து நிற்பது மேற்கே வங்காள விரிகுடாவை; தீவின் மறுபக்கம் அந்தமான் கடல். இரண்டுக்கும் நடுவே கடலடி மலைத்தொடர். அதன் மிக ஆழமான இடைவெளியே சுமார் 1,800 மீட்டர்தான்; அந்தமான் கடலோ 4,000 மீட்டரைத் தாண்டும். விரிகுடாவின் அடியாழக் குளிர்நீர் உள்ளே வர வழியில்லை. அதனால் ஒரே ஆழத்தில் அந்தமான் கடல் கூடுதல் வெதுவெதுப்பு.

பிசகு வந்தது என்பதற்காக அளவீடே பொய் என்று தள்ளுவது எளிது. ஒரு கருவியின் தவறைக் காட்டிக்கொடுத்தது இன்னொரு கருவிதான். எனவே தேவை, கூடுதல் கருவிகள். ஆழ்கடலுக்குத் திரும்பத் திரும்பப் போகும் கப்பல்கள்.